வீசம்

"கண்ணை மூடுங்கள். துப்பாக்கியைத் தோளில் ஏற்றுங்கள்.
இப்போது திறங்கள்."
ஹியூ பெவன் சொல்லச் சொல்ல
மூன்று முறை திறந்தேன்.
மூன்று முறையும் குழல்முனை
எங்கோ ஓர் ஆப்பிள் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

லட்லோவுக்கு வடக்கே ஈரக் கொட்டகை.
மேசையில் பச்சைக் கம்பளி விரித்து
நான் வாங்க வந்தது கிடக்கிறது:
இத்தாலியில், பிரெஷியா பக்கத்துப் பள்ளத்தாக்கில் பிறந்த
மேலொன்று கீழொன்றாய் இரட்டைக் குழல்.
மூடினால் நல்ல வீட்டுக் கதவு போல
ஒரே ஒரு 'தொப்'.
விலை கேட்காதீர்கள்.
என் கார் அதைக் கேட்டால் நாளைக்கு ஸ்டார்ட் ஆகாது.

வால்நட் கட்டைகள் ஏழு காட்டினார்.
ஒன்றில் புகை. ஒன்றில் ஆற்று மணல்.
ஒன்றில், பாலுக்குள் டிகாஷன் இறங்கும் முதல் நொடி.
அதை எடுத்தேன்.
பக்கத் தகட்டில் காட்டுக்கோழி செதுக்கலாமா என்றார்.
பறவை வேண்டாம். நான் சுடுவது களிமண் தட்டை.
உடைந்தால் யாரும் அழுவதில்லை,
உடையாவிட்டால் நான் மட்டும்.

மூன்று வருடமாக நூற்றுக்கு நாற்பது.
"புல்" என்று கத்துவேன்.
தட்டு எழும்பும். சுடுவேன்.
அது தன்பாட்டுக்குப் போய்
முழுசாகப் புல்லில் உட்காரும்.
தமிழ் தெரிந்த தட்டு என்று சமாதானம்.
குற்றம் வாடகைத் துப்பாக்கியின் மேல் என்று தீர்ப்பெழுதித்தான்
காசோடு வந்திருக்கிறேன்.

இப்போது கையில் இருப்பது அளவுத் துப்பாக்கி.
கட்டையெங்கும் திருகும் கீலும்;
நீளும், குறுகும், கன்னத்துக்குக் கன்னம் வளையும்.
பதினாறு கஜத்தில் வெள்ளையடித்த இரும்புத் தகடு.
அங்கே ஓரங்குலம் விலகினால்
இங்கே கட்டையில் ஒரு வீசம் திருத்தணுமாம்.
அவர் பதினாறில் ஒன்று என்றார்.
வீசம் என்று எழுதிக்கொண்டது நான்.
எந்தக் கடையிலும் செல்லாத சொல்லுக்கு
ஷ்ராப்ஷயரில் ஒரு நாள் வேலை.

இந்தத் தொழில் எனக்குத் தெரியும்.
நான் பல் டாக்டர்.
நீலத் தாளைப் பல்லிடுக்கில் வைத்து
'கடிங்க, இன்னொரு தடவை' என்று
மயிரிழை மயிரிழையாகக் கேப்பைத் தேய்ப்பவள்.
உயரம் கூடினால் வாய் சொல்லும் முன் தாடை சொல்லும்.
என் கன்னமோ எதுவும் சொல்லவில்லை.
பத்துத் தோட்டாவும் தகட்டின் இடப்பக்கம்,
வீசக் கணக்குக்கு அடங்காத தூரம்.

பெவன் திருப்புளியைக் கீழே வைத்தார்.
"இரண்டு கையாலும் சின்ன ஓட்டை செய்யுங்கள்.
அதன் வழியே என் மூக்கைப் பாருங்கள்."
பார்த்தேன்.
மறுபக்கமிருந்து அவரும் பார்த்தார்.
"எனக்குத் தெரிவது உங்கள் இடது கண்."

சோற்றாங்கைத் தோளில் துப்பாக்கி.
பீச்சாங்கைப் பக்கத்துக் கண்ணில் அதிகாரம்.
ஒருவர் ஓட்ட, இன்னொருவர் வழி சொல்ல
நாற்பத்தேழு வருடம் ஓடிய வண்டி.

மூன்று வழி உண்டு என்றார்.
ஒரு கண்ணை மூடிச் சுடலாம்.
கண்ணாடியில் துண்டு டேப் ஒட்டலாம்.
அல்லது தோளை மாற்றலாம்.
மூன்றாவதைச் சொல்லும்போது
என் வயதைப் பார்த்ததுபோல் குரல் தணிந்தது.

அதனால்தானோ என்னவோ மாற்றினேன்.
அடுத்த வீட்டுக்காரி ஜாக்கெட்டைப் போட்டதுபோல் இருந்தது.
முதல் தட்டு போனது. இரண்டாவதும்.
நாலு, அஞ்சு, ஆறு.
ஏழாவதுக்கு "புல்" சொன்ன ஞாபகமே இல்லை,
தட்டு இருந்த இடத்தில்
ஒரு பிடி கரிப்புகை.

படிவத்தில் நீளம்: பதினாலே கால் அங்குலம்.
கட்டையின் சாய்வு: இடது, மூன்று வீசம்.
'வலது' என்று முன்பே எழுதியிருந்ததை அடித்துவிட்டு
கையெழுத்துப் போட்டேன், சோற்றாங்கையால்.
வந்து சேர எட்டு மாதம் ஆகும்.

அதுவரை காலையில், முதல் ஆள் வருமுன்
துடைப்பக் கட்டையை இடத்தோளில் ஏற்றி
எதிர்க்கட்டடக் கூரை விளிம்பை
மூலைக்கு மூலை துரத்துகிறேன்.
நேற்று நர்ஸ் மெரியல் கதவைத் திறந்தாள்.
கட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
"ஒன்பது மணிக்காரர் வந்துட்டார்," என்றாள்.
"வேர் சிகிச்சை."